செவி மங்கிய தூதன்

சூரியனைச் சுற்றிவரும் எட்டுக் கிரகங்களுள் வெளிக்கோடியில் இருப்பவை யுரேனஸ், நெப்டியூன் என்னும் இரண்டாகும். முன்னதை 1781-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியில் கண்டார். பின்னதன் இடம் முதலில் காகிதத்தில் கணக்கிடப்பட்டு, அதன் பின்னர் 1846-இல் அது வானில் கண்டுபிடிக்கப்பட்டது. அன்றுமுதல் இன்றுவரை இவ்விரு கிரகங்களின் அருகிலும் சென்ற கருவி ஒன்றே ஒன்றுதான். 1977-இல் அமெரிக்கர் ஏவிய வாயேஜர் 2 என்னும் ஆளில்லா விண்கலமே அது. யுரேனசை 1986-இலும் நெப்டியூனை 1989-இலும் அது கடந்தது. ஈரிடத்தும் அது நிற்கவில்லை. நிற்க அதனால் இயலாது. விரைவு வண்டி ஒரு சிற்றூர் நிலையத்தைக் கடப்பதுபோலக் கடந்து சென்றது. அக்கிரகங்களை அருகிருந்து எடுத்த படங்கள் என்று நம் பிள்ளைகளின் பாடநூல்களில் காண்பவை, அந்தச் சிறு பொழுதுகளில் கிட்டியவையே.

இத்துணை அரிய தூதன், புறப்பட்ட எட்டாவது மாதத்திலேயே செவிப்புலன் குன்றிப்போனான் என்பது பலரும் அறியாத செய்தி. ஒரு காது அடியோடு போயிற்று. மற்றொரு காதும் பெரும்பகுதி மங்கியது. மங்கிய அந்தக் காது ஒன்றை நம்பித்தான் எஞ்சிய பயணம் முழுவதும் நடந்தது. இதை வானொலி நேயர்களுக்குக் கூற நமக்குத் தனியான காரணமும் உண்டு. இது முற்றிலும் வானொலியைப் பற்றிய கதை.

வாயேஜர் என்னும் சொல்லுக்கு நெடும்பயணம் மேற்கொள்வோன் என்பது பொருள். மொழிபெயர்ப்பையே உத்தியோகமாகக் கொண்ட நாம் ‘நெடுஞ்செலவன்’ என்று ஒரு சொல்லைக் கோப்பில் எழுதி வைக்கலாம். மேலதிகாரியும் கையொப்பம் இட்டுவிடுவார். படிப்பவர்களோ, யாரோ ஊதாரியைக் குறிக்கிறது என்று கொள்வார்கள். ஆகவே வாயேஜர் என்றே வழங்குவோம்.

முதலில் தொலைவைச் சற்று மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பூமியிலிருந்து சூரியன் ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. இந்தத் தூரத்தை ஒரு முழம் என்று வைத்துக்கொள்வோம். சூரியனிலிருந்து வியாழன் ஐந்து முழம். சனி ஒன்பதரை முழம். யுரேனஸ் பத்தொன்பது முழம். நெப்டியூன் முப்பது முழம். அதாவது, சனிக்கு அப்பால் ஒரு மடங்கு தூரம் யாதொன்றும் இல்லை. அதன் பின்னரே யுரேனஸ். ஒளியும் வானொலி அலையும் ஒரே வேகத்தில் செல்பவை. சூரியனிலிருந்து பூமிக்கு எட்டு நிமிடங்களில் வந்து சேரும் அவை, நெப்டியூனிலிருந்து பூமிக்கு வர நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ராக்கெட்டின் வலிமையை மட்டும் நம்பி நெப்டியூனுக்குப் புறப்பட்டால் ஏறக்குறைய 30 ஆண்டுகள் செல்லும். அதைப் பன்னிரண்டு ஆண்டுகளாகக் குறைத்தது ஒரு தந்திரம். சாலையில் ஓடும் குதிரை வண்டியின் பின்கட்டையைச் சிறுவன் ஒருவன் எட்டிப் பிடித்துக்கொண்டு, சற்றுத் தூரம் அதனோடு ஓடிக் கையை விடுவதை நேயர்கள் கண்டிருக்கலாம். வண்டியின் வேகத்தில் ஒரு பங்கு சிறுவனுக்கு வந்துவிடுகிறது. வண்டிக்காரருக்கோ இழப்பு ஒன்றும் தெரிவதில்லை. வியாழன் சூரியனைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும் மாபெரும் வண்டி. அதன் ஈர்ப்பு என்னும் கட்டையைத் தக்க கோணத்தில் பற்றி விடுபடும் விண்கலம் புதிய திசையையும் புதிய வேகத்தையும் பெற்றுச் சனியை நோக்கிப் பாயும். சனியைப் பற்றி யுரேனசுக்கும், யுரேனசைப் பற்றி நெப்டியூனுக்கும் அவ்வாறே செல்லலாம். ஆனால் நான்கு வண்டிகளும் ஒரே பக்கமாக, முறையான இடைவெளியில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அத்தகைய அமைப்பு சுமார் 176 ஆண்டுகளுக்கு ஒரு முறையே வாய்க்கிறது. 1970-களின் இறுதியில் அது வாய்க்கப்போகிறது என்பதை 1965-இல் கேரி ஃபிளாண்ட்ரோ என்னும் இளைஞர் கணக்கிட்டுக் கண்டார்.

நான்கு கிரகங்களுக்கும் செல்லும் பெருந்திட்டம் ஒன்று முதலில் வகுக்கப்பட்டது. செலவு மிகுதி என்று அது கைவிடப்பட்டது. அரசாங்கங்கள் எங்கும் அரசாங்கங்களே. பின்னர் வியாழன், சனி என்னும் இரண்டுக்கு மட்டுமே பணம் ஒதுக்கப்பட்டது. எனினும் கலிபோர்னியாவில் பாசடீனா நகரிலுள்ள ஜெட் உந்துவிசை ஆய்வகத்தின் பொறியாளர்கள், வாயேஜர் 2-இன் பாதையைச் சனிக்கு அப்பாலும் நீட்டக்கூடிய விதமாக அமைத்துக்கொண்டனர். 1977 ஆகஸ்ட் 20 அன்று அது புறப்பட்டது. பதினாறு நாள் கழித்து, செப்டம்பர் 5 அன்று, வாயேஜர் 1 புறப்பட்டுக் குறுக்குப் பாதையில் முந்திக்கொண்டது. பின்னால் சென்றதற்கு ஒன்று என்னும் எண் வந்தது இதனால்தான்.

கலத்தின் எடை 800 கிலோவுக்குச் சற்று மிகுதி. அதன் தலைமேல் 3.7 மீட்டர் அகலமுள்ள கிண்ண வடிவமான ஏரியல் கவிழ்ந்திருக்கிறது. சூரிய ஒளியைக் கொண்டு மின்சாரம் எடுக்க அந்தத் தொலைவில் வழியில்லை. ஆதலின் புளூட்டோனியம் தானே சிதைவதால் உண்டாகும் வெப்பத்தை மின்சாரமாக மாற்றும் சாதனம் பொருத்தப்பட்டது. கலம் பூமிக்குப் பேசும் ஒலிபரப்பியின் ஆற்றல் 23 வாட். நம் ஊர்களின் நடுத்தர அலை நிலையங்கள் பக்கத்து மாவட்டத்துக்குக் கேட்பதற்கே கிலோவாட் கணக்கில் செலவிடுகின்றன. தூரம் இரு மடங்கானால் அலையின் வலிமை நான்கில் ஒரு பங்காகும். பத்து மடங்கானால் நூற்றில் ஒரு பங்காகும். நெப்டியூனிலிருந்து 23 வாட்டில் பேசினால் பூமியில் எவ்வளவு வந்து விழும் என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

அது பேசுவதைக் கேட்பது ஒரு பாடு. நாம் சொல்வதை அது கேட்பது மற்றொரு பாடு. பூமியின் கட்டளைகளைக் கேட்பதற்காக அதில் இரண்டு ரேடியோப் பெட்டிகள் இருந்தன. ஒன்று கெட்டால் மற்றொன்று என்பது ஏற்பாடு. ஒரு வாரம் வரையில் பூமியிலிருந்து கட்டளை எதுவும் வராவிட்டால், ‘நம் காது கெட்டுவிட்டது போலும்’ என்று கலமே முடிவு செய்து, மறு பெட்டிக்கு மாறிக்கொள்ளும்படி அதற்குக் கற்பித்திருந்தார்கள். நல்ல முன்யோசனைதான். 1978 ஏப்ரலில் தரைக் குழுவினர் வாயேஜர் 1-இன் கோளாறு ஒன்றில் மூழ்கியிருந்தனர். வாயேஜர் 2-க்கு வாரம் ஒரு முறை சொல்லவேண்டிய ஒரு வார்த்தையும் சொல்லப்படாமல் போயிற்று. ஏப்ரல் 5 அன்று கலம் தனக்கிட்ட விதிப்படி இரண்டாவது பெட்டிக்கு மாறியது. அப்போதுதான் தெரிந்தது, அந்தப் பெட்டியில் ஒரு கண்டென்சர் கெட்டுப்போயிருப்பது. பூமியிலிருந்து கூப்பிட்டார்கள், மறுமொழி இல்லை. பிறகு கலம் தானாகவே முதற்பெட்டிக்குத் திரும்பியது. அரை மணி நேரம் எல்லாம் சரியாக நடந்தது. அரை மணி கழித்து முதற்பெட்டி அடியோடு அணைந்தது. அது மீண்டும் உயிர்பெறவேயில்லை.

இனி விதிப்படி ஏழு நாட்கள் காத்திருக்கவேண்டும். அதன் பின்னரே கலம், கோளாறுற்ற இரண்டாவது பெட்டிக்கு மாறும். அந்த ஏழு நாளும் தரைக் குழுவினரால் செய்யக்கூடியது காத்திருப்பதும், கோளாறு எத்தகையது என்று ஆராய்வதுமே.

கோளாறு இதுதான். வடக்கே வாழும் தமிழ்க் குடும்பங்களில் முந்தைய தலைமுறையினர், இரவு வேளையில் சென்னை நிலையத்தையோ திருச்சி நிலையத்தையோ பிடிப்பதற்கு ரேடியோப் பெட்டியின் குமிழியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பியிருப்பார்கள். ஒரு கணம் நாகசுரம் தெளிவாகக் கேட்கும். மறுகணம் நிலையம் நழுவி, இரைச்சல் மிஞ்சும். மீண்டும் குமிழியைத் தொட்டுப் பிடிக்கவேண்டும். விண்கலத்தின் ரேடியோவில் இந்த வேலையைச் செய்யத் தானே இயங்கும் ஒரு சுற்று உண்டு. வரும் அலை சற்று மேலே போனாலும் கீழே போனாலும் அது பின்தொடர்ந்து பிடித்துக்கொள்ளும். கெட்டுப்போன கண்டென்சர் அந்தச் சுற்றில் இருந்தது. அதாவது, பெட்டி கேட்கிறது. குமிழியைத் திருப்பும் விரல் மட்டும் செத்துவிட்டது. ஒழுங்கான நிலையில் விநாடிக்கு ஒரு லட்சம் அதிர்வுகள் அளவுக்கு அலை விலகினாலும் பின்பற்ற வல்ல பெட்டி, இப்போது சுமார் நூறு அதிர்வுகள் அகலமுள்ள ஒரு கீற்றுக்குள் விழுவதை மட்டுமே கேட்டது. அது ஆயிரத்தில் ஒரு பங்கு.

நிலையம் ஓரிடத்தில் நிலையாக நின்றால் அதுவே போதும் என்று தோன்றலாம். நிலையம் நிற்பதில்லை. ரயில் நிலையத்தில் நிற்கும் நம்மை நோக்கி ஊதிக்கொண்டு வரும் எஞ்சினின் ஒலி உச்ச சுருதியில் கேட்கிறது. நம்மைக் கடந்ததும் சுருதி இறங்குகிறது. எஞ்சின் ஊதுவது ஒரே சுருதிதான். அதன் ஓட்டம் சுருதியை மாற்றிக் காட்டுகிறது. பூமியும் அப்படிப்பட்ட எஞ்சினே. தன்னைத்தானே சுற்றும் பூமியின் மேல் அமைந்த ஒலிபரப்பி, நாளின் ஒரு பகுதியில் கலத்தை நோக்கி ஓடுகிறது. மற்றொரு பகுதியில் விலகி ஓடுகிறது. இந்தச் சுழற்சி ஒன்றே அலையை ஆயிரக்கணக்கான அதிர்வுகள் மேலும் கீழும் நகர்த்தப் போதும். பூமி சூரியனைச் சுற்றும் ஓட்டமும் கலத்தின் ஓட்டமும் வேறு. கலத்திடம் உள்ளதோ நூறு அதிர்வு அகலமுள்ள சிறு சாளரம்.

தீர்வு எளிய எண்ணத்தில் பிறந்தது. கேட்பவனால் குமிழியைத் திருப்ப இயலாதென்றால் பேசுபவன் தன் குரலைத் திருப்பிக்கொள்ளட்டும். ஒவ்வொரு கணமும் பூமி எவ்வளவு வேகத்தில் எத்திசையில் நகர்கிறது என்பதைக் கணக்கிட்டு, அலை கலத்தைச் சென்றடையும்போது சரியாக அந்தக் கீற்றில் விழும்படி, ஒலிபரப்பியின் சுருதியை முன்கூட்டியே சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே அனுப்பினார்கள். 1978 ஏப்ரல் 13 அன்று, கலம் இரண்டாவது பெட்டிக்கு மாறிய பின்னர், கட்டளை சென்று சேர்ந்தது; கலம் கீழ்ப்படிந்தது.

ஆனால் சங்கடம் அத்துடன் ஒழியவில்லை. அந்தக் கீற்றுத் தானும் ஓரிடத்தில் நிற்பதன்று. பெட்டியின் வெப்பம் கால் டிகிரி மாறினாலே அது இடம்பெயர்ந்துவிடும். கலத்தில் ஒரு கருவியை முடுக்கினால் சூடு ஏறும்; அணைத்தால் இறங்கும்; கலம் புரண்டு திரும்பினால் அதுவும் மாறும். ஆகவே எந்த வேலைக்குப் பிறகு எத்தனை மணி நேரம் பேசாமல் இருக்கவேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டாயிற்று. ஐயமான வேளைகளில் ஒரே கட்டளையைச் சற்றுச் சற்று மாறிய சுருதிகளில் பல முறை அனுப்புவார்கள். ஏதேனும் ஒன்று சாளரத்தில் விழும். அந்தக் காதும் ஒருநாள் போய்விட்டால் என்ன செய்வது? அதற்காக, பூமியிலிருந்து ஒரு சொல்லும் வராவிட்டாலும் அடுத்த கிரகத்தில் இன்ன நாளில் இன்ன திசையில் திரும்பி இன்னது செய்க என்னும் குறைந்த அளவுக் கட்டளைத் தொகுதி ஒன்றைக் கலத்தின் நினைவில் முன்பே பதித்து வைத்தார்கள். உயில் எழுதி வைத்துவிட்டு யாத்திரை புறப்படும் பெரியவரைப் போன்ற ஏற்பாடு என்று நமக்குத் தோன்றுகிறது.

1979 ஜூலையில் வியாழனையும் 1981 ஆகஸ்டில் சனியையும் வாயேஜர் 2 கடந்தது. இவ்விரண்டிடத்தும் வாயேஜர் 1 முந்திச் சென்று பார்த்துவிட்டது. சனியின் பெரிய சந்திரனான டைட்டனை நெருங்கிப் பார்ப்பதற்காக வாயேஜர் 1 தன் பாதையைத் தியாகம் செய்தது. அதன்பின் வேறு கிரகம் எதற்கும் அதனால் போக இயலவில்லை. டைட்டனில் அது தவறியிருந்தால் வாயேஜர் 2-ஐ அங்கே திருப்பியிருப்பார்கள். யுரேனசும் நெப்டியூனும் இன்றளவும் தொலைநோக்கியில் தெரியும் சிறு வட்டுகளாகவே நின்றிருக்கும்.

சனியைக் கடந்த சிறிது நேரத்தில் காமிராக்களைத் தாங்கும் மேடை திரும்ப மறுத்துச் சிக்கிக்கொண்டது. வேகமாகத் திருப்பியதில் பல்சக்கரங்களின் மசகு வழிந்துவிட்டதே காரணம் என்று கண்டறிந்தார்கள். பின்னர் அதை மெல்லத் திருப்பினால் போதும் என்று பழகிக்கொண்டார்கள்.

யுரேனசுக்கு நாலரை ஆண்டுப் பயணம். அங்கே வெயில் பூமியில் உள்ளதில் 370-இல் ஒரு பங்கு. மங்கிய ஒளியில் படம் எடுக்கக் காமிராவின் கண்ணை வெகுநேரம் திறந்து வைக்கவேண்டும். கலமோ விநாடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்துகொண்டிருக்கும். படம் தீற்றிப்போகாமல் இருக்கக் கலம் முழுவதையுமே, எதிர்ப்படும் பொருளின் போக்குக்கு ஏற்ப மெல்லப் புரளச் செய்தார்கள். படத்தை அனுப்புவதும் பிரச்சினையாயிற்று. வியாழனிலிருந்து விநாடிக்கு 1,15,200 குறிகள் அனுப்ப முடிந்தது. தூரம் ஏற ஏற அந்த எண்ணிக்கை குறைந்தது. தந்தி இருந்த நாளில் சொல்லுக்குக் காசு கொடுத்தவர்கள், ‘நலம், பணம் கிடைத்தது, பொங்கலுக்கு வருகிறேன்’ என்பதை எவ்வளவு குறுக்கி எழுதினார்கள்! கலத்துக்கும் அந்தச் சிக்கனத்தைக் கற்பித்தார்கள். ஒவ்வொரு புள்ளியின் பிரகாசத்தையும் முழு எண்ணாகச் சொல்லாமல், பக்கத்துப் புள்ளியைவிட எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைவு என்பதை மட்டும் சொல்லச் செய்தார்கள். இந்த வேலையைக் கலத்தில் சும்மா இருந்த மாற்றுக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்தார்கள். ஆள் ஏறிச் செல்லாமல், வானொலி வழியாகவே, பல நூறு கோடி கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள யந்திரத்துக்குப் புதுக் கல்வி புகட்டினார்கள். அக்கல்வி முழுவதும் அந்தப் பழுதுற்ற காதின் வழியேதான் சென்றது.

1986 ஜனவரி 24 அன்று யுரேனசின் மேகங்களுக்கு 81,500 கிலோமீட்டர் தூரத்தில் அது கடந்தது. பக்கவாட்டில் படுத்துக்கொண்டு உருள்வதுபோல் சூரியனைச் சுற்றும் விந்தையான கிரகம் அது. 84 ஆண்டுக்கு ஒரு சுற்று. ஒரு துருவம் 42 ஆண்டு பகல், 42 ஆண்டு இரவு என்று வாழ்கிறது. அதன் காந்த அச்சு சுழற்சி அச்சிலிருந்து ஏறத்தாழ 60 டிகிரி சாய்ந்திருப்பதை வாயேஜர் கண்டது. அதுவரை அறியப்படாத பத்துச் சந்திரன்களையும் இரண்டு வளையங்களையும் காட்டியது. மிராண்டா என்னும் சிறு சந்திரன், உடைந்த மட்பாண்டத்தை யாரோ கண்டபடி ஒட்டி வைத்ததுபோல் தோன்றியது.

யுரேனசின் வளையங்களைப் பற்றிச் சொல்லும்போது நம் ஊரின் பங்கையும் குறிப்பிடவேண்டும். வாயேஜர் புறப்படுவதற்கு ஐந்து மாதம் முன்னர், 1977 மார்ச் 10 அன்று, யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துக்கொண்டு சென்றது. அதனை அமெரிக்கர் பறக்கும் ஆகாயவிமானத்திலிருந்து நோக்கினர். வாணியம்பாடிக்கு அருகே ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில் பட்டாச்சாரியா, குப்புசாமி என்னும் இருவரும் நோக்கினர். கிரகம் மறைப்பதற்கு முன்பே விண்மீன் மங்கி மீண்டதைக் காவலூர்க் கருவியும் பதிவு செய்தது. புதிய சந்திரன் ஒன்றாக இருக்கலாம் என்று அவர்கள் முதலில் எழுதினர். மற்ற இடத்துப் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தபோது அவை வளையங்கள் என்பது விளங்கிற்று.

யுரேனசின் செய்திகளை உலகம் நின்று கேட்கவில்லை. நான்கு நாள் கழித்து, ஜனவரி 28 அன்று, சாலஞ்சர் என்னும் விண்ணோடம் ஏழு பேருடன் வெடித்துச் சிதறியது. பத்திரிகைகளின் முதற்பக்கம் அதற்கே உரியதாயிற்று.

ஒரே ஒரு முறை பார்த்ததன் ஆபத்து வெகுகாலம் கழித்து வெளிப்பட்டது. யுரேனசின் காந்த மண்டலம் மிகவும் விசித்திரமானது, அதில் மின்துகள்கள் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை, ஆகவே அதன் சந்திரன்கள் செத்த உலகங்களாக இருக்கவேண்டும் என்று கருதி வந்தனர். பழைய பதிவுகளை மீண்டும் ஆராய்ந்த விஞ்ஞானிகள் 2024 நவம்பரில் வேறு விதமாகக் கூறினர். கலம் வந்து சேர்வதற்குச் சில நாள் முன்புதான் சூரியனிலிருந்து பெருங்காற்று ஒன்று வீசி அந்தக் காந்த மண்டலத்தை நசுக்கியிருந்தது. அத்தகைய நிலை அங்கே நூற்றில் ஐந்து பங்குக்கும் குறைவான காலமே நிலவும். ஐப்பசிப் புயலன்று சென்னையைக் கடந்து போன அயலான் ஒருவன், அந்த ஊர்த் தெருக்களில் எப்போதும் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் என்று எழுதி வைத்தால் எப்படி இருக்கும்! சரிபார்க்க இரண்டாவது பயணி ஒருவனும் போகவில்லை. யுரேனசுக்கே ஒரு கலத்தை அனுப்பிச் சுற்றிவரச் செய்வதை முதலிடத்தில் வைக்கவேண்டும் என்று 2022-இல் அமெரிக்க விஞ்ஞானப் பேரவையின் குழு பரிந்துரைத்தது இதனால்தான். நம் கருத்திலும் அது நியாயமான கோரிக்கையே.

நெப்டியூனுக்கு 1989 ஆகஸ்ட் 25 அன்று சென்றது. இம்முறை மேகங்களுக்கு மேலே ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர்தான்; பயணம் முழுவதிலும் இத்துணை நெருங்கியதில்லை. அதன் மெல்லிய குரலைக் கேட்கப் பூமியே செவி சாய்த்தது எனலாம். கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன், ஸ்பெயினின் மாட்ரிட், ஆஸ்திரேலியாவின் கான்பெரா ஆகிய இடங்களின் ஏரியல்கள் 64 மீட்டரிலிருந்து 70 மீட்டருக்கு அகலமாக்கப்பட்டன. அவை போதாவென்று ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ஏரியலும், நியூ மெக்ஸிகோவில் வரிசையாக நிற்கும் 27 ஏரியல்களும் துணை சேர்ந்தன. விநாடிக்கு 21,600 குறிகள் வந்தன. அங்கே மணிக்கு 2,000 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுவது தெரிந்தது. பூமியின் அளவுள்ள கரும்புயல் ஒன்று தெரிந்தது. 1994-இல் ஹப்பிள் தொலைநோக்கி நோக்கியபோது அது மறைந்திருந்தது. ட்ரைட்டன் என்னும் சந்திரனில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 235 டிகிரி. நைட்ரஜனே பனிக்கட்டியாக உறைந்து கிடக்கும் அக்குளிரிலும், தரையைப் பிளந்துகொண்டு எட்டுக் கிலோமீட்டர் உயரத்துக்குக் கரும்புகை போன்ற ஊற்றுகள் எழுந்துகொண்டிருந்தன. அப்படி ஒன்று அங்கே இருக்குமென்று எண்ணியவர் அரிது.

ட்ரைட்டனை அணுகுவதற்காகக் கலம் நெப்டியூனின் வடதுருவத்தை ஒட்டிச் செலுத்தப்பட்டது. அதனால் அதன் பாதை தெற்கே வளைந்தது. அன்றிலிருந்து அது தென்வானத்தில் சென்றுகொண்டிருக்கிறது. வட பாதியிலுள்ள ஏரியல்களுக்கு அது புலப்படாது. அதற்குக் கட்டளை இடும் வல்லமை கான்பெராவின் 70 மீட்டர் ஏரியல் ஒன்றுக்கே உண்டு. 2020-இல் அந்த ஏரியலைப் பழுது பார்க்க நிறுத்தியபோது, பல மாதங்கள் கலத்துக்கு யாரும் எதுவும் சொல்ல இயலவில்லை. அது சொல்வதை மட்டும் சிறிய ஏரியல்களால் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

எந்தக் காலத்திலேனும் எவரேனும் கண்டெடுப்பார்கள் என்று இரு வாயேஜர்களிலும் பொன்முலாம் பூசிய செம்பு இசைத்தட்டு ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. கேசர்பாய் கேர்க்கர் பாடிய பைரவி அதில் இருக்கிறது. 55 மொழிகளில் வாழ்த்தும் இருக்கிறது. இந்தி, வங்காளி, மராத்தி, குஜராத்தி, பஞ்சாபி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் எல்லாம் உண்டு, சிங்களமும் உண்டு, தமிழ் இல்லை. இதில் மனத்தாங்கலுக்கு இடமில்லை. கிடைத்த சில வாரங்களில், பெரும்பாலும் ஒரு பல்கலைக்கழகத்தைச் சுற்றியிருந்தவர்களின் குரல்களைப் பதிந்தார்கள். அன்று அவ்வழியே தமிழர் ஒருவர் போகவில்லை போலும். உலகத்தில் எந்த மூலைக்குப் போனாலும் ஒரு தமிழர் கடை வைத்திருப்பார் என்று பெருமை பேசும் நமக்கு இது ஒரு வியப்பே.

2018 நவம்பர் 5 அன்று சூரியக் காற்றின் எல்லையைத் தாண்டி வாயேஜர் 2 விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியில் புகுந்தது. 2023 ஜூலை 21 அன்று தரையிலிருந்து அனுப்பிய கட்டளைகளில் நேர்ந்த பிசகால் அதன் ஏரியல் பூமியைவிட்டு இரண்டு டிகிரி விலகியது. பேச்சு நின்றது. அப்போது அது ஏறத்தாழ 1,990 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. ஒரு சொல் போய்ச்சேர 18½ மணி நேரம், மறுமொழி வர மற்றொரு 18½ மணி நேரம். அக்டோபர் 15 அன்று கலம் தானாகவே பூமியைத் தேடித் திரும்பும் என்பது ஏற்பாடு. அதுவரை காத்திராமல் கான்பெரா ஏரியலின் முழு வலிமையுடன், ‘திரும்பு’ என்று ஒரு கூவல் கூவினார்கள். 37 மணி நேரம் சென்றது. ஆகஸ்ட் 4 அன்று செய்திகள் ஒழுங்காக வரலாயின. கூவலைக் கேட்டுத் திரும்பியது எந்தக் காது என்று நேயர்கள் ஐயுறவேண்டியதில்லை. 1978-க்குப் பிறகு அதற்கு இருப்பது அது ஒன்றே.

புளூட்டோனியத்தின் சூடு ஆண்டுக்கு ஆண்டு தணிகிறது. மின்சாரம் ஆண்டொன்றுக்குச் சுமார் நான்கு வாட் வீதம் குறைகிறது. எனவே கருவிகளை ஒவ்வொன்றாக அணைக்கவேண்டியதாகிறது. 2024 செப்டம்பரில் பிளாஸ்மாவை அளக்கும் கருவியையும், 2025 மார்ச்சில் தாழ்ந்த சக்தியுள்ள மின்துகள்களை அளக்கும் கருவியையும் அணைத்தார்கள். ஒரு கருவி அணைந்தால் கலம் சற்றுக் குளிர்கிறது. குளிர்ந்தால் ரேடியோப் பெட்டியின் கீற்று நகர்கிறது. அது எங்கே நகர்ந்திருக்கிறது என்பதைக் கணக்கிட்ட பிறகுதான் அடுத்த கட்டளையை அனுப்பவேண்டும்.